தேசம்மாவின் தாடையும் ஒரு மில்லிமீட்டர் பூச்சும்

போன மாதம் பழைய பல் லேபுக்குப் போனேன். வேலையை விட்டவன் வேலை பார்த்த இடத்துக்குப் போய் நிற்கக்கூடாது என்பது என் கொள்கை. கண்ணைக் காட்டச் செங்கல்பட்டுக்கு வந்தவனை மழை அங்கே ஒதுங்க வைத்தது. உள்ளே பிளாஸ்டர் மாவு குழைக்கும் கிண்ணம் ஒன்றுகூட இல்லை. இப்போது வாயை ஒரு பேனா மாதிரிக் கருவியால் படம் பிடித்து அனுப்பிவிடுகிறார்கள். தாடை கம்ப்யூட்டர் திரையில் வந்து நிற்கிறது. சுமதி என்கிற டெக்னீஷியன் பல்லில்லாத ஒரு கீழ்த்தாடையைத் திரையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈறு மேடு கத்தி மாதிரி கூர்மையாக இருந்தது. எதையோ தட்டினாள். கூர்மை மழுங்கி, பார்க்க லட்சணமாகிவிட்டது.

“இப்ப இன்னாம்மா பண்ண?”

“ஸ்மூத் பண்ணேன் சார். ஒரே கரடுமுரடா இருந்துச்சு.”

“இது பல்செட்டுக்கா, எலும்புல எறக்கற ஸ்க்ரூவுக்கா?”

“ஸ்க்ரூவுக்குதான். ஏன் சார் மூஞ்சி ஒரு மாதிரி ஆவுது?”

மழை விடும் வரை அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் தொழில்காரர்கள் போடும் ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்று அவள்தான் கேட்டாள்.

நான் படித்தது எட்டாவது, அதுவும் பாதி. ஒரு இடத்தில் ஆறு மாதம் தரித்தால் எனக்கு உடம்பு அரிக்க ஆரம்பித்துவிடும். லாரி கிளீனராக இருந்தேன். மதுராந்தகம் நெல் மண்டியில் மூட்டை தூக்கினேன். மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் தட்டு கழுவினேன். கூடுவாஞ்சேரி பக்கம் ரோட்டோரத்தில் கூடாரம் போட்டு பிளாஸ்டர் பொம்மை வார்த்து விற்ற ஒரு வடநாட்டுக் குடும்பத்தோடு ஒன்றரை வருஷம் இருந்தேன். அங்கேதான் மாவு கைக்கு வந்தது. பொம்மையின் மூக்கு முனை சில்லுப் போனால், மாவைப் பால் மாதிரி நீர்க்கக் கரைத்து பிரஷ்ஷால் இரண்டு கை பூசுவார்கள். காய்ந்த பிறகு எங்கே உடைந்தது, எங்கே பூசினது என்று செய்தவனுக்கே தெரியாது.

அந்தக் கையோடுதான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் டாக்டர் எபனேசரிடம் வந்தேன். செங்கல்பட்டில் மாடியில் அவருடைய பல் மருத்துவமனை, கீழே லேப். மாவு குழைக்க ஆள் வேண்டும் என்றார்கள். அந்த வேலையிலேயே பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது. உடம்பு ஏன் அங்கே மட்டும் அரிக்கவில்லை என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

டாக்டர் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. கூட்டுகிறவரைக்கூட ‘நீங்க’ என்றுதான் சொல்வார். தப்பு நடந்தால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காருங்க” என்பார். அந்த வார்த்தைக்குத்தான் நாங்கள் நடுங்கினோம். உட்கார்ந்த பிறகு அவர் ஒன்றும் கேட்கமாட்டார். கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றுவார். கடைசி விரல் வருவதற்குள் நாமே சொல்லிவிடுவோம்.

பல்செட் செய்வதில் எனக்குப் பேர் வந்தது அந்தப் பொம்மைப் பூச்சினால்தான். பல் போய் வருஷக்கணக்கானவர்களுக்குத் தாடை எலும்பு கரைந்துவிடும். கடிக்கப் பல் இல்லையென்றால் எலும்புக்கும் வேலை இல்லை, அது மெழுகுவத்தி மாதிரி குறைந்துகொண்டே போகும். மிஞ்சுவது ஒரு கூர். அதன் மேல் பல்செட் உட்கார்ந்தால் ஈறு நசுங்கி உயிர் போகும். அதனால் வாயில் எடுத்த அச்சில் மாவு ஊற்றி மாடல் வார்த்ததும், அந்தக் கூரின் மேல் மாவைப் பாலாகக் கரைத்து இரண்டு கை பூசிவிடுவேன். பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர் தடிக்கும். அந்த மாடலில் செய்கிற பல்செட் கூரைத் தொடாமல் நிற்கும். “உங்க செட்டு மட்டும் குத்தறதில்லையாம்” என்று டாக்டர் மெச்சிக்கொள்வார். ஏன் குத்தவில்லை என்று அவர் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. கைப்பழக்கத்தை யார் சொல்லிக்கொண்டிருப்பார்கள்?

சுனாமி வந்துபோனதற்கு மறுவருஷம் கடற்கரைக் குப்பங்களிலிருந்து நிறைய பேர் பல்செட்டுக்கு வந்தார்கள். தலைமாட்டில் டம்ளரில் கழற்றி வைத்திருந்த செட்டை அலை கொண்டுபோயிருந்தது. வீடு போன கதையையும் மனுஷன் போன கதையையும் சொல்லிவிட்டு, கடைசியில் வெட்கத்தோடு பல்லைச் சொல்வார்கள். அப்படி வந்தவள்தான் தேசம்மா. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பம். ஐம்பத்திரண்டு வயது. கரைக்கு வரும் மீனை ஏலம் கூவுவதுதான் அவள் வேலை. படகு வந்து வலையை உதறியதும், வியாபாரிகள் சுற்றி நிற்க, விலையை ஏற்றிக் கூவி முடிப்பது. இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கரையில் அவள் குரல்தான். முப்பது வயதிலேயே பல் எல்லாம் ஆடிப் பிடுங்கியாகிவிட்டது. அதற்குப் பிறகு பல்செட்.

நான் புதுசெட்டு செய்து கொடுத்தேன். குத்தவில்லை. ஆனால் நிற்கவும் இல்லை. கீழ்த்தாடையில் பிடித்துக்கொள்ள மேடே இல்லை, நாக்கு அசைந்தால் செட் மிதக்கும். ஒருநாள் வஞ்சிரம் ஏலத்தில், உச்ச விலைக்குக் குரலை ஏற்றும்போது கீழ்ச்செட் தெறித்து மீன் குவியலில் விழுந்துவிட்டது. மறுநாள் வந்தாள்.

“ஒருத்தன் இன்னா கேக்கறான் தெரியுமா? ‘எக்கா, பல்லும் ஏலத்துல சேத்தியா?’ன்றான். மொத்த கரையும் சிரிக்குது. நானும் சிரிச்சேன். சிரிக்காம இன்னா பண்றது?”

சிரிப்போடு போகவில்லை. ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசியிருக்கிறார்கள். கஸ்தூரி என்று இன்னொருத்தி, இளம் தொண்டை, கூவத் தயாராக இருந்தாள். மாசி மகம் வரைக்கும் தேசம்மாவுக்குத் தவணை. அதற்குள் பல் நின்று அவள் கூவினால் அவள்தான். இல்லையென்றால் கஸ்தூரி. ஏலம் ஒருமுறை கைமாறினால் திரும்பாது.

டாக்டர் அவளை உட்கார வைத்து, இருக்கிற வழிகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் அச்சுத் தட்டோடு பக்கத்தில் நின்றேன்.

“ஒண்ணு, இடுப்பு எலும்புல ஒரு துண்டு எடுத்து தாடையில வச்சுக் கட்டலாம். அது ஒட்டிப் பிடிக்க ஆறு மாசம் ஆகும். அப்புறம்தான் ஸ்க்ரூ வைக்கணும். சென்னையில பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

“ஆறு மாசமா? அதுக்குள்ள என் கருமாதியே முடிஞ்சிரும். அடுத்தது சொல்லு.”

“கன்ன எலும்புல நீளமா ஸ்க்ரூ வைக்கறது ஒண்ணு இருக்கு. அது மேல்தாடைக்கு. உங்க தொல்லை கீழ. அதனால அது வேண்டாம். மூணாவது, கீழ முன்பக்கம் மட்டும் ரெண்டு ஸ்க்ரூ. அது தலையில ஒரு குமிழ் இருக்கும். செட்டுக்கு உள்ள அதுக்கு ஏத்த கிண்ணம். ஜாக்கெட் பட்டன் மாதிரி அழுத்தினா மாட்டிக்கும்.”

“கூவனா வுழாதா?”

“விழாது. ஆனா அங்க எலும்பு இருக்கணும்மா. உயரம் எக்ஸ்ரேல தெரியுது. தடிமன் தெரியல. அளந்து பாத்துதான் சொல்லுவேன்.”

“நாலாவது?”

“இப்படியே இருக்கறது.”

“மூணாவது,” என்றாள் தேசம்மா, ஏலத்தை முடிக்கிற குரலில்.

இப்போது தடிமனைப் பார்க்க ஸ்கேன் இருக்கிறது. அப்போது எங்கள் ஊரில் கிடையாது. ஊசியால் அளப்போம். மரத்துப்போக மருந்து போட்டு, மெல்லிய ஊசியில் ரப்பர் வளையம் கோர்த்து, ஈறைக் குத்தி எலும்பில் முட்டும் வரை இறக்குவார் டாக்டர். வளையம் நின்ற இடம்தான் அந்த இடத்தில் சதையின் கனம். வெளிப்பக்கம், உள்பக்கம், மேலே என்று ஒரு இடத்துக்கு ஐந்து குத்து. எண்களைத் தாளில் எழுதி எனக்கு அனுப்புவார். நான் அந்த ஆளின் மாடலை அதே இடத்தில் ரம்பத்தால் குறுக்கே அறுத்து, அறுத்த முகத்தில் ஓரத்திலிருந்து அந்தக் கனத்தை உள்ளே குறித்து, பென்சிலால் கோடு சேர்ப்பேன். கோட்டுக்கு வெளியே சதை, உள்ளே எலும்பு. அதுவரை நான்கு பேருக்கு அப்படிச் செய்திருந்தோம். நான்கு பேருக்கும் எலும்பு தாராளம். எனக்கு அது ஒரு பெருமை. எட்டாவது பாதியில் நின்றவன் ஆளை அறுக்காமலே எலும்பைப் பார்க்கிறேன் என்று.

தேசம்மாவின் அச்சு வந்த அன்று பல்செட்டுக்கு ஆறு அச்சுகள் வந்திருந்தன. ஏழையும் வரிசையாக வைத்து மாவு ஊற்றினேன். இறுகியதும் கழற்றித் துடைத்து அடுக்கினேன். அப்புறம் அவள் தாடையை இரண்டு இடத்தில் அறுத்து அளவைக் குறித்தேன். வலது பக்கம் ஏழு மில்லிமீட்டர் எலும்பு, இடது பக்கம் ஆறு.

டாக்டர் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“ஆறா? வாயில விரல் வச்சுப் பாத்தப்ப இன்னும் ஒல்லியா தெரிஞ்சுதே.”

“மாடல் பொய் சொல்லாது சார்,” என்றேன்.

இந்த நான்கு வார்த்தையை நான் சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. அவர் இன்னொரு தடவை தன் விரலைப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

வழக்கமாக ஈறைக் கிழித்து எலும்பைக் கண்ணால் பார்த்துத்தான் துளை போடுவார். தேசம்மாவுக்குச் சர்க்கரை இருந்தது, கிழித்தால் புண் ஆற நாளாகும். அளவுதான் இருக்கிறதே என்று கிழிக்காமல் போடத் தீர்மானித்தார். நான் அந்த மாடலின் மேலேயே கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தகடு வார்த்து, இரண்டு சின்னக் குழாய் பதித்துக் கொடுத்தேன். குழாய் காட்டும் வழியில் துளைக்கருவி இறங்கும். நாலு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தடிமனில் இரண்டு ஸ்க்ரூ. முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. ரத்தம் ஒரு பஞ்சுக்குக்கூட இல்லை. மூன்று மாதம் கஞ்சிதான், அதற்கப்புறம்தான் பட்டன் என்றார் டாக்டர். தேசம்மா விரல் மடித்து எண்ணிப் பார்த்தாள். மாசி மகத்துக்கு நான்கு நாள் மிச்சம் இருந்தது.

ஐம்பதாம் நாள் ஷேர் ஆட்டோவில் வந்தாள். துண்டைத் தாடைக்கு அடியில் கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டிருந்தாள். அதற்கு மேல் கையாலும் தாங்கிப் பிடித்திருந்தாள். கூட அவள் மகன் ஏழுமலை, கட்டுமரத்திலிருந்து நேராக வந்த ஈர லுங்கியோடு.

“இன்னா துன்னாங்க? எதுனா கடிச்சாங்களா?” என்று ஏழுமலையிடம் கேட்டேன்.

“கஞ்சியத் தவுர பச்சத் தண்ணி இல்ல. காலைல எய்ந்து கொட்டாவி வுட்டுது. டக்குனு ஒரு சத்தம். எனக்கு வாசல்ல கேக்குது.”

எக்ஸ்ரேயில் இடது ஸ்க்ரூவின் ஊடாகத் தாடை இரண்டாகப் போயிருந்தது. டாக்டர் மேலிருந்து குரல் கொடுத்தார். “அந்த மாடல எடுத்துக்கிட்டு வாங்க.”

அலமாரியிலிருந்து அறுத்த துண்டுகளை எடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு துண்டைச் சாய்த்ததும் தெரிந்தது. அறுத்த முகத்தில், ஓரத்தை ஒட்டி, மயிரிழை மாதிரி ஒரு கோடு. முதலில் ஊற்றிய மாவுக்கும் பிறகு பூசியதற்கும் நடுவே இருக்கிற கோடு. ஏழு அச்சையும் ஒன்றாக ஊற்றிய அன்று, ஏழின் கூருக்கும் என் கை பால் பூசியிருந்தது. பல்செட்டுக்குப் பூசினால் அது கருணை. இங்கே பூசியதில் இல்லாத எலும்பு இரண்டு மில்லிமீட்டர் முளைத்துவிட்டது. இருந்தது நான்கு. அந்த நான்கையும் ஸ்க்ரூ தின்றுவிட்டது.

மாடிக்குப் பதினான்கு படி. கையிலிருப்பது மாவு. தவறவிட்டால் தூள். யாருக்கும் எந்தக் கோடும் தெரியாது. சர்க்கரை, வயசு, எலும்பு வீக்கு என்று முடிந்துவிடும். எட்டாவது படியில் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் நல்லவன் என்பதால் ஏறிப்போகவில்லை. அவள் மேலே நாற்காலியில் முனகுவது கேட்டது, அதனால் கால் நகர்ந்தது, அவ்வளவுதான்.

அவர் “உக்காருங்க” சொல்வதற்கு முன்னால் சொல்லிவிட்டேன்.

“எத்தனை வருஷமா பூசறீங்க?”

“வந்த நாள்லேர்ந்து சார்.”

“எனக்குத் தெரியாம?”

“குத்தலன்னு நீங்க மெச்சிக்கினீங்க சார்.”

கையுறையைக் கழற்ற ஆரம்பித்து, இரண்டு விரலோடு நிறுத்திவிட்டார். “நான் என் விரல நம்பியிருக்கணும். கிழிச்சுப் பாத்திருக்கணும்,” என்றார். பிறகு எழுந்து போய் தேசம்மாவிடம் நேராகச் சொன்னார், எலும்பு போதவில்லை, எங்கள் கணக்கில் தப்பு, தப்பு எங்களுடையது என்று. ‘டெக்னீஷியன்’ என்ற வார்த்தையே வரவில்லை. ஏழுமலை என் சட்டையைப் பிடிக்கவில்லை, அவர் சட்டையைப் பிடித்தான்.

“மீனவச்சி வாய்னா அவ்ளோ எளக்காரமா கீதா ஒனக்கு?”

தேசம்மா ஒரு கையைத் தூக்கினாள். ஏலத்தில் விலை முடிந்தது என்பதற்குத் தூக்குகிற கை. மகன் விட்டுவிட்டான்.

அவ்வளவு மெல்லிய எலும்பில் தகடு வைத்து முடுக்கினால் இன்னும் நொறுங்கும். ஆகவே பழைய முறை. அவளுடைய சொந்தப் பல்செட்டையே எடுத்து, மேலும் கீழும் ஒன்றாகச் சேர்த்து ஒட்டி, முன்பல் நான்கையும் அறுத்து எடுத்து ஒரு ஓட்டை விடவேண்டும். அந்தச் செட்டை வாயில் வைத்து, தாடையைச் சுற்றிக் கம்பி கொடுத்துக் கட்டிவிட்டால் எலும்பு அசையாது, வாயும் திறக்காது. ஓட்டை வழியாகக் கஞ்சி ஊற்றலாம். அதைச் செய்யவேண்டியது நான். விழாத பல் கேட்டவளுக்கு, இழுத்தாலும் வராத பல்லைச் செய்தேன். ஓரமெல்லாம் நாக்கால் நக்கிப் பார்த்து வழவழப்பாக்கினேன். என் தொழிலில் அதைவிடச் சுத்தமாக நான் எதையும் செய்ததில்லை.

எட்டு வாரம் அவள் வாய் பூட்டியிருந்தது. வாரத்துக்கு ஒருநாள் மெழுகுருண்டை எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போவேன். கம்பி முனை கன்னத்தைக் கீறினால் அதன் மேல் மெழுகு அப்பவேண்டும். ஏழுமலை என்னோடு பேசமாட்டான், ஆனால் டீ வைப்பான். உண்மையில் தப்புச் செய்தது யார் என்று அவர்களுக்கு அப்போதும் தெரியாது. டாக்டர் என்னிடம் சொல்லாதீங்க என்றும் சொல்லவில்லை, சொல்லுங்க என்றும் சொல்லவில்லை.

மாசி மகம் வந்துபோனது. அதற்கு அடுத்த வாரம் நான் போனபோது கரையில் ஏலம் நடந்துகொண்டிருந்தது. கஸ்தூரி கூவிக்கொண்டிருந்தாள். நல்ல குரல்தான். கூட்டத்துக்கு வெளியே தேசம்மா நின்றிருந்தாள். முந்தானைக்குள் அவள் விரல்கள் மடிந்து மடிந்து விரிந்துகொண்டிருந்தன. கஸ்தூரி ஒரு விலையில் முடித்தாள். தேசம்மாவின் விரல்கள் அதற்கு மேலும் இரண்டு தடவை மடிந்தன. பிறகு நின்றன.

கம்பியைப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது, கொஞ்சம் கோணலாக. இடதுபக்க உதட்டில் உணர்ச்சி இல்லை. கஞ்சி வழிந்தாலும் அவளுக்குத் தெரியாது. டாக்டர் இடுப்பு எலும்பைப் பற்றி மறுபடி பேசினார், சென்னைக்குத் தானே கூட்டிப்போவதாகச் சொன்னார்.

“வேணாம்பா. இன்னும் ஒடைக்கறதுக்கு எலும்பு இல்ல,” என்றாள். வார்த்தை ஒருபக்கமாகச் சாய்ந்து வந்தது.

ஒரு மாதம் கழித்து, அறுத்த துண்டைத் துணியில் சுற்றிக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். அவள் புதுக் காலனி வீட்டுக்கு முன்னால் நெத்திலி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பொம்மைக் கூடாரம், பால், ஏழு அச்சு, மாடல் பொய் சொல்லாது என்று நான் சொன்னது. அவள் மீனைத் திருப்பிப் போடுவதை நிறுத்தவில்லை. சொல்லி முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினாள். துண்டைக் கொடுத்தேன்.

“இதான் என் தாடையா?”

“ஆமாக்கா.”

“இதுல எது நானு, எது நீ பூசனது?”

மயிரிழைக் கோட்டை நகத்தால் காட்டினேன். உள்ளே இருப்பது அவள், வெளியே இருப்பது நான். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். கட்டை விரலால் வெளிப்பக்கத்தைத் தடவினாள்.

“நீ பூசனதுதான் அயகா கீது,” என்றாள்.

துண்டை என் மடியில் வைத்துவிட்டு, காயாத பக்கம் மேலே வரும்படி நெத்திலியைத் திருப்பிப் போட ஆரம்பித்தாள்.